வணிகம் என்னும் ஒற்றைக்குரல்: கலிஃபோர்னியாவின் குடியிருப்பு, கடைவாடகைச் சட்டங்களில் வணிகச் சங்கங்களின் பரிந்துபேசல்

ஆய்வுச் சுருக்கம்

வணிகச் சங்கங்கள் சட்டமன்றங்களின் முன் தம்மை ஒட்டுமொத்த வணிக உலகின் குரலாக முன்னிறுத்துகின்றன. வீட்டு வாடகை, வீட்டுக் கட்டுமானம் ஆகியவை பற்றிய சட்டங்களில் இந்நிலைப்பாடு பெரிய முரண்பாடின்றிச் செயற்படுகிறது. கடை, உணவகம், அலுவலகம் ஆகியவற்றின் குத்தகை பற்றிய சட்டங்களிலோ கட்டட உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இரு தரப்பினரும் வணிகர்களே. அந்நிலையில் சங்கம் எவருக்காகப் பேசுகிறது என்னும் வினா எழுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னிய மாநிலத்தில் 1987 முதல் 2024 வரை எழுந்த முதன்மையான சட்டங்களையும் முன்மொழிவுகளையும் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வணிகச் சங்கம், பரிந்துபேசல், வாடகைக் கட்டுப்பாடு, கடைக்குத்தகை, கலிஃபோர்னியா, முன்மொழிவு 15.

முன்னுரை

சட்டம் இயற்றுவோரிடம் தம் தரப்பு நியாயங்களை எடுத்துரைத்து, ஒரு சட்டமுன்வடிவை நிறைவேற்றவோ திருத்தவோ தடுக்கவோ முயலும் பணி இக்கட்டுரையில் பரிந்துபேசல் எனப்படுகிறது. கலிஃபோர்னியாவில் இப்பணியில் ஈடுபடும் வணிக அமைப்புகள் பல. அவற்றுள் 1890இல் தோன்றிய கலிஃபோர்னிய வர்த்தகக் கழகம் எல்லாத் தொழில்துறைகளையும் உறுப்பினராகக் கொண்ட பொது அமைப்பு. கலிஃபோர்னிய வணிகச் சொத்துகள் சங்கம், கடைவளாகங்கள், அலுவலகக் கட்டடங்கள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றின் உரிமையாளர் அமைப்புகளை ஒருங்கிணைக்கும் துறைசார் அமைப்பு. வளைகுடாப் பகுதி மன்றம், சான் பிரான்சிஸ்கோவைச் சூழ்ந்த வட்டாரத்தின் பெருநிறுவனங்களைக் கொண்ட வட்டார அமைப்பு.

இவ்வமைப்புகளின் செல்வாக்குப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் வணிகர் ஒருபுறம், தொழிலாளரும் வாடகைதாரரும் மறுபுறம் என்னும் இருமுனைப் பகுப்பிலேயே அமைகிறது. அப்பகுப்பில் ஒரு தரப்பினர் இடம்பெறுவதில்லை. வாடகைக் கட்டடத்தில் கடை நடத்துவோரே அவர்கள். வணிகர் என்னும் வகையில் சங்கங்கள் அவர்கள் பெயரை எடுத்தாளுகின்றன. வாடகைதாரர் என்னும் வகையில் அவர்தம் நலன் சங்கத்தின் வலிமையான உறுப்பினர்தம் நலனுக்கு எதிராக நிற்கிறது.

பரிந்துபேசல் நடைபெறும் முறை

கலிஃபோர்னியச் சட்டமன்றம் 40 உறுப்பினர் கொண்ட மேலவையையும் 80 உறுப்பினர் கொண்ட பேரவையையும் உடையது. ஒரு சட்டமுன்வடிவு ஒவ்வோர் அவையிலும் துறைசார் குழுக்களைக் கடந்து, செலவு ஏற்படுத்துமாயின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவையும் கடந்து, அவையின் வாக்கெடுப்புக்கு வருகிறது. இரு அவைகளும் ஏற்றபின் ஆளுநரின் கையொப்பத்திற்குச் செல்கிறது.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் சங்கங்களுக்கு வாயில் உண்டு. குழுவின் பணியாளர்கள் ஒவ்வொரு முன்வடிவுக்கும் பகுப்பாய்வு ஒன்றைத் தயாரிக்கின்றனர். ஆதரிக்கும் அமைப்புகளும் எதிர்க்கும் அமைப்புகளும் அதன் இறுதியில் பட்டியலிடப்படுகின்றன. ஆதரவு, எதிர்ப்பு என்னும் இரண்டோடு, 'திருத்தினால் ஆதரவு', 'திருத்தாவிடில் எதிர்ப்பு', 'நடுநிலை' என்னும் இடைநிலைகளும் வழக்கில் உள்ளன. நடைமுறையில் பேரம் நிகழும் இடம் இவ்விடைநிலைகளே. எதிர்ப்பைக் கைவிட்டு நடுநிலைக்கு வருவதற்கு விலையாகத் திருத்தங்கள் பெறப்படுகின்றன.

நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் நிறுத்திவைப்புக் கோப்பு தனியே குறிப்பிடத்தக்கது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் அரசுக்குச் செலவு வைக்கும் முன்வடிவுகள் இக்கோப்பில் வைக்கப்பட்டு, ஒரே அமர்வில், விவாதமின்றி முடிவு செய்யப்படுகின்றன. அங்கே நிறுத்தப்படும் முன்வடிவு முழு அவையின் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. எனவே அதனை எதிர்த்தோர் யாவர் என்பது வாக்குப் பதிவின் வழியாக வெளிப்படுவதுமில்லை.

1974இல் வாக்காளர் ஏற்ற அரசியல் சீர்திருத்தச் சட்டம், பரிந்துபேசுவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், அவர்களை அமர்த்தும் அமைப்புகள் காலாண்டுதோறும் செலவுக் கணக்கை அளிக்க வேண்டும் என்றும் விதித்தது. இதனால் எந்தச் சங்கம் எந்த முன்வடிவு குறித்துப் பரிந்துபேசியது என்பதை அறிய இயலும். ஆனால் அச்சங்கத்தின் உறுப்பினருள் எவருடைய நலன் அந்த நிலைப்பாட்டைத் தீர்மானித்தது என்பதை இக்கணக்குகள் காட்டுவதில்லை.

அவைக்கு வெளியேயும் சங்கங்கள் செயற்படுகின்றன. வர்த்தகக் கழகம் 1997 முதல் தான் எதிர்க்கும் முக்கிய முன்வடிவுகளை 'வேலைவாய்ப்பை அழிப்பவை' என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் பட்டியலிட்டு வெளியிட்டது. ஒரு முன்வடிவுக்குப் பெயர் சூட்டும் உரிமையைக் கைக்கொள்வதும் பரிந்துபேசலின் ஒரு பகுதியே என்பதை இப்பட்டியல் உணர்த்துகிறது.

இரு தடைச்சட்டங்கள்

கலிஃபோர்னியாவின் வாடகைச் சட்டங்களுக்கு அடித்தளமாக அமைந்தவை இரு தடைச்சட்டங்கள். நகராட்சிகள் வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலச் சட்டத்தால் குறுக்குவதே இரண்டின் நோக்கமும் ஆகும்.

முதலாவது, 1987ஆம் ஆண்டின் கோஸ்டா–கீன்–சீமோர் வணிகச் சொத்து முதலீட்டுச் சட்டம். பெர்க்லி நகரம் எல்ம்வுட் என்னும் சிறு கடைவீதியில் கடைவாடகை உயர்வைக் கட்டுப்படுத்த 1982இல் விதி வகுத்திருந்தது. நெடுங்காலமாக இயங்கிய அக்கம்பக்கக் கடைகள் வாடகை உயர்வால் வெளியேறுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கட்டுப்பாட்டை மாநிலம் முழுவதிலும் தடை செய்தது. கடைவாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இன்று கலிஃபோர்னியாவின் எந்த நகரத்திற்கும் இல்லை.

இரண்டாவது, 1995ஆம் ஆண்டின் கோஸ்டா–ஹாக்கின்ஸ் வாடகை வீட்டுச் சட்டம். 1995 பிப்ரவரி 1க்குப் பின் குடிபுகும் சான்று பெற்ற வீடுகளுக்கும், தனி வீடுகளுக்கும், தனியுரிமை அடுக்ககங்களுக்கும் நகராட்சிகளின் வாடகைக் கட்டுப்பாடு பொருந்தாது என்று இது விதித்தது. ஒரு வாடகைதாரர் விரும்பி வெளியேறியபின் அடுத்தவருக்கு உரிமையாளர் விரும்பும் தொகையை வாடகையாக நிர்ணயிக்கவும் இது வழிவகுத்தது.

ஜிம் கோஸ்டா என்னும் உறுப்பினரின் பெயர் இரு சட்டங்களிலும் இடம்பெறுகிறது. எனினும் இவற்றின் அளவு வேறானது. வீட்டு வாடகையில் பழைய அடுக்ககங்கள் மீதான நகராட்சி அதிகாரம் எஞ்சியது. கடைவாடகையில் எதுவும் எஞ்சவில்லை. அதற்கிணையான வேறுபாடு பின்வந்த அரசியலிலும் தொடர்ந்தது. கோஸ்டா–ஹாக்கின்ஸ் சட்டத்தை நீக்கவோ தளர்த்தவோ 2018இல் முன்மொழிவு 10, 2020இல் முன்மொழிவு 21, 2024இல் முன்மொழிவு 33 என மும்முறை பொது வாக்கெடுப்பு நடந்தது. மும்முறையும் வர்த்தகக் கழகம் எதிர்த்தது. மும்முறையும் வாக்காளருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தனர். கடைவாடகைத் தடையை நீக்கக் கோரி இத்தகைய மாநில வாக்கெடுப்பு ஒருமுறையும் நடக்கவில்லை. வீட்டு வாடகைதாரர்க்கு வாய்த்த அமைப்பு வலிமை கடைக்காரர்க்கு வாய்க்காமையை இவ்வேறுபாடு காட்டுகிறது.

குடியிருப்புச் சட்டங்கள்: இணக்கம் எளிதான களம்

வீட்டுப் பற்றாக்குறை குறித்த சட்டங்களில் வணிகச் சங்கங்களின் வாதம் தெளிவானது. வீடுகள் குறைவாகக் கட்டப்படுவதால் விலையும் வாடகையும் உயர்கின்றன. பணியாளர் பணியிடத்திற்கு அருகில் குடியிருக்க இயலாமல் நெடுந்தொலைவு பயணம் செய்கின்றனர். நிறுவனங்கள் கூடுதல் ஊதியம் தரவோ பணியாளரை இழக்கவோ நேர்கிறது. ஆதலால் கட்டுமானத்திற்குரிய தடைகளை நீக்கவேண்டும் என்பது அவற்றின் கோரிக்கை. தொழில்நுட்ப நிறுவனமாயினும் வங்கியாயினும் கட்டுமான நிறுவனமாயினும் இவ்வாதத்தால் பாதிக்கப்படும் உறுப்பினர் எவருமிலர்.

வளைகுடாப் பகுதி மன்றம் 2016இல் மேலவைச் சட்டமுன்வடிவு 1069இன் புரவலராக விளங்கியது. கலிஃபோர்னிய மரபில் புரவலர் என்பது ஒரு முன்வடிவின் கருத்தை உறுப்பினரிடம் கொண்டு சென்று, அதன் வரைவிலும் ஆதரவு திரட்டலிலும் துணைநிற்கும் வெளியமைப்பைக் குறிக்கும். ஒரு வீட்டுமனையில் உள்ள வீட்டோடு துணைவீடு ஒன்றைக் கட்டுவதற்கு நகராட்சிகள் விதித்திருந்த வாகன நிறுத்துமிட நிபந்தனைகளையும் கட்டணங்களையும் அச்சட்டம் குறைத்தது.

வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலும் இணக்கம் முற்றிலும் இயலாததாக இருக்கவில்லை. 2019இல் நிறைவேறிய பேரவைச் சட்டமுன்வடிவு 1482 இதற்குச் சான்று. விலைவாசிக் குறியீட்டின் உயர்வோடு 5 விழுக்காடு, எந்நிலையிலும் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் என ஆண்டு வாடகை உயர்வுக்கு அது வரம்பு கட்டியது. ஓராண்டுக்கு மேல் குடியிருப்போரைத் தக்க காரணமின்றி வெளியேற்றுவதையும் தடுத்தது. மே மாதத்தில் பேரவையில் இருந்த வடிவில் இவ்வரம்பு 7 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டிருந்தது. ஆளுநர் கேவின் நியூசம் முன்னின்று நடத்திய பேச்சுக்குப் பின் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. மறுபுறம், கட்டி 15 ஆண்டு நிறையாத கட்டடங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டத்தின் ஆயுள் 2030 தொடக்கம் வரை என வரையறுக்கப்பட்டது. புதிய கட்டுமானத்தில் முதலிடுவோரை இவ்விலக்கு காத்தது. வீட்டு வாடகைதாரர்க்கு எண்ணிக்கையும் அமைப்பும் இருந்தமையால் எதிர்த்தரப்பு பேச்சுக்கு உடன்பட வேண்டியதாயிற்று.

முன்மொழிவு 15: கடைக்காரரின் பெயரால்

1978இல் வாக்காளர் ஏற்ற முன்மொழிவு 13, சொத்துவரியைச் சொத்து மதிப்பில் 1 விழுக்காடு என வரம்பிட்டது. சொத்து கைமாறாதவரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது எனவும் விதித்தது. 2020 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்த முன்மொழிவு 15, பெரும் வணிகச் சொத்துகளுக்கு மட்டும் இப்பாதுகாப்பை நீக்கிச் சந்தை மதிப்பில் வரி விதிக்க முனைந்தது. வீடுகளும், 30 இலட்சம் டாலருக்கு மிகாத வணிகச் சொத்துடையோரும் விலக்குப் பெற்றனர். ஆண்டுக்கு 650 கோடி முதல் 1,150 கோடி டாலர் வரை கூடுதல் வருவாய் கிட்டும் எனச் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் மதிப்பிட்டது.

வர்த்தகக் கழகமும் வணிகச் சொத்துகள் சங்கமும் இதனை எதிர்த்தன. எதிர்ப்புப் பரப்புரையின் மையத்தில் நின்றவர் சிறு கடைக்காரர். கலிஃபோர்னியாவில் கடைக்குத்தகைகள் பலவும், சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு ஆகிய மூன்று செலவுகளையும் வாடகைக்கு மேலாகக் கடைக்காரரே ஏற்கும் வகையில் எழுதப்படுகின்றன. ஆதலால் உரிமையாளர்மீது உயர்த்தப்படும் வரி முடிதிருத்தகம், சலவையகம், சிற்றுணவகம் ஆகியவற்றின் தோளிலேயே இறங்கும் என்பது வாதம். முன்மொழிவு ஏறத்தாழ 52 விழுக்காட்டு எதிர்ப்பு வாக்குகளால் தோற்றது.

இவ்வாதம் உண்மையின் அடிப்படையில் அமைந்தது. உரிமையாளரின் செலவு வாடகைதாரர்மேல் ஏற்றப்படுவது குத்தகை ஒப்பந்தங்களில் எழுதப்பட்டுள்ள நடைமுறை. எனினும் இதே உண்மையிலிருந்து மற்றொரு வினாவும் பிறக்கும். செலவு முழுவதும் கடைக்காரர்மேல் இறங்கும் என்றால், அவ்வாறு ஏற்றப்படும் முறையைச் சட்டம் நெறிப்படுத்த வேண்டாவா என்பதே அது. இவ்வினாவுக்குச் சங்கங்கள் அளித்த விடையை அடுத்த இரு முன்வடிவுகள் காட்டுகின்றன.

மேலவைச் சட்டமுன்வடிவு 939

முன்மொழிவு 15 வாக்கெடுப்புக்கு வந்த அதே 2020ஆம் ஆண்டில், கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில், ஸ்காட் வீனரும் லேனா கொன்சாலஸும் மேலவையில் 939ஆம் முன்வடிவைக் கொணர்ந்தனர். நெருக்கடிக் காலத்தில் சிறு வணிக வாடகைதாரரை வெளியேற்றுவதை அது தடுக்க முனைந்தது. வருவாயில் பெரும்பகுதியை இழந்த உணவகம், மதுக்கூடம், பொழுதுபோக்கு அரங்கு ஆகியவை குத்தகையை மறுபேச்சுக்கு உட்படுத்தவும், இணக்கம் ஏற்படாவிடில் குத்தகையிலிருந்து விலகவும் அது வழி காட்டியது.

வணிகச் சொத்துகள் சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. கையெழுத்தான ஒப்பந்தத்தை அரசு இடையில் கலைப்பது அரசமைப்புக்கு முரணானது. உரிமையாளருக்கும் வங்கிக்கடன் உண்டு. வாடகை நின்றால் கடன் தவணையும் நிற்கும் என்பன அதன் வாதங்கள். இவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. வாடகை வருவாயை நம்பிக் கடன் பெற்ற சிறு உரிமையாளரும் அம்மாநிலத்தில் உண்டு. முன்வடிவு ஜூன் மாதத்தில் மேலவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் நிறுத்தப்பட்டது. முழு அவையின் வாக்கெடுப்பைக் காணவில்லை.

கவனத்திற்குரியது கால ஒருமையே. ஜூனில் ஓர் உணவகம் வாடகைச் சுமையிலிருந்து விடுபட வழிகோலிய முன்வடிவைச் சங்கம் எதிர்த்தது. நவம்பரில் அதே உணவகத்தின் வாடகைச் சுமை ஏறும் என்பதே சங்கத்தின் தலைமை வாதமாயிற்று. இரு நிலைப்பாடுகளும் கட்டட உரிமையாளரின் நலனோடு முழுமையாகப் பொருந்துகின்றன. கடைக்காரரின் நலனோடு பொருந்துவது இரண்டாவது மட்டுமே.

மேலவைச் சட்டமுன்வடிவு 1103

கரோலின் மென்ஹீவார் கொணர்ந்த இம்முன்வடிவு 2024 செப்டம்பர் 30 அன்று ஆளுநரின் கையொப்பம் பெற்று, வணிக வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டமாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிகச் சொத்துகள் சங்கம் இதனையும் எதிர்த்தது. ஐந்து பேருக்கு மிகாத குறுநிறுவனங்கள், பத்துக்கும் குறைவான பணியாளரைக் கொண்ட உணவகங்கள், இருபதுக்கும் குறைவான பணியாளரைக் கொண்ட இலாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியவை மட்டுமே இதன் பாதுகாப்புக்கு உரியவை.

சட்டத்தின் கூறுகளை நான்காகத் தொகுக்கலாம். மாதக் கணக்கில் தொடரும் வாடகைகளில் 10 விழுக்காடு வரையிலான உயர்வுக்கு 30 நாளும், அதற்கு மேற்பட்ட உயர்வுக்கு 90 நாளும் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஓராண்டுக்கு மேல் தொடர்ந்திருக்கும் வாடகையை முடிக்க 60 நாள் முன்னறிவிப்புத் தேவை. குத்தகைப் பேச்சு ஸ்பானியம், சீனம், தகாலொக், வியட்நாமியம், கொரியம் ஆகியவற்றுள் ஒன்றில் நடந்திருப்பின் ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பையும் அம்மொழியில் வழங்கவேண்டும். கட்டட நடைமுறைச் செலவுகளை வாடகைதாரர்மேல் ஏற்றும்போது அவை பங்குவீதப்படி பகிரப்பட்டிருக்க வேண்டும். கேட்டால் ஆவணச் சான்று காட்டவும் வேண்டும்.

நான்காவது கூறே முன்மொழிவு 15இன் விவாதத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. உரிமையாளரின் செலவு கடைக்காரர்மேல் இறங்கும் என்று 2020இல் வாக்காளர்க்கு எடுத்துரைக்கப்பட்ட நடைமுறையையே இக்கூறு நெறிப்படுத்துகிறது. செலவை ஏற்றுவதை அது தடுக்கவில்லை. கணக்குக் காட்டுமாறு மட்டுமே கோருகிறது. கூடுதல் நிர்வாகச் சுமை, வழக்குகளுக்கான வாய்ப்பு ஆகியவை பற்றி உரிமையாளர் தரப்பு கவலை தெரிவித்தது.

சட்டத்தின் எல்லைகளும் குறிப்பிடத்தக்கவை. வாடகைக்கு உச்சவரம்பு இதில் இல்லை. 1987ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் அசையாமல் நிற்கிறது. கடைக்காரர் தமக்குத் தகுதி உண்டு என்று எழுத்து வழியாகத் தாமே அறிவித்து, அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் பாதுகாப்புக் கிட்டும். சட்டத்தை அறியாத கடைக்காரர்க்கு அதன் பயன் இல்லை. மொழிபெயர்ப்புத் தேவைப்படும் நிலையிலுள்ள புலம்பெயர்ந்த வணிகரே இவ்வறிவிப்பைத் தவறவிடும் வாய்ப்பு மிகுதியும் உடையவர்.

குரல் எவருடையது

மான்கர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட 'கூட்டுச் செயற்பாட்டின் தருக்கம்' என்னும் நூலில், சிறு எண்ணிக்கையினராய்ப் பெரிய ஆதாயத்தை எதிர்நோக்கும் குழு எளிதில் அமைப்பாகும் என்றும், பெரும் எண்ணிக்கையினராய்ச் சிறு ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ளும் குழு எளிதில் அமைப்பாகாது என்றும் விளக்கினார். வணிகக் கட்டட உரிமையாளரும் கடைவாடகைதாரரும் இவ்விளக்கத்திற்கு நேரிய எடுத்துக்காட்டுகள். பல வளாகங்களை உடைய நிறுவனத்திற்கு ஒரு குத்தகைச் சட்டம் பெருந்தொகையைக் குறிக்கும். பரிந்துபேசுநரை அமர்த்துவது அதற்கு இயல்பான செலவு. நாள் முழுதும் கடையில் நிற்கும் ஒருவர் சட்டமன்றக் குழுவின் அமர்வுக்குச் செல்வதாயின் அன்று கடையை அடைக்க வேண்டும்.

ஈ. ஈ. ஷாட்ஷ்னைடர் 1960இல் முன்வைத்த கருத்து இதனை நிறைவு செய்கிறது. ஒரு மோதலின் பரப்பு எவ்வளவு விரிகிறது என்பதே அதன் முடிவைத் தீர்மானிக்கும் என்றார் அவர். முன்மொழிவு 15இல் மோதலின் பரப்பை விரிப்பது சங்கங்களுக்குப் பயன்பட்டது, கடைக்காரர் அழைத்துவரப்பட்டார். 939இல் பரப்பைக் குறுக்குவது பயன்பட்டது. நிதி ஒதுக்கீட்டுக் குழுவிலேயே மோதல் முடிந்தது.

இதனால் சங்கங்கள் கூறிய வாதங்கள் பொய் என்றாகாது. வீடுகள் பெருகவேண்டும் என்னும் அவற்றின் கோரிக்கை வாடகைதாரர் அமைப்புகள் சிலவற்றின் கோரிக்கையோடும் பொருந்துவது. ஒப்பந்த உறுதி பற்றிய கவலையும் மெய்யானது. சிக்கல் வாதத்தின் உண்மையில் இல்லை, பேராளுமையில் உள்ளது. உறுப்பினர்தம் நலன்கள் ஒன்றுபடும் இடத்தில் சங்கம் வணிகத்தின் பேராளராகப் பேசுவது பொருத்தமே. அந்நலன்கள் மோதும் இடத்தில் அதே பெயரால் பேசும்போது, ஒரு தரப்பின் கோரிக்கை இரு தரப்பின் கோரிக்கையாகப் பதிவாகிறது. குழுப் பகுப்பாய்வின் இறுதியில் அச்சாகும் அமைப்புப் பட்டியல் இவ்வேறுபாட்டைப் பிரித்துக்காட்டுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட சட்டங்களிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வீட்டு வாடகைச் சட்டமும் கடைவாடகைச் சட்டமும் ஒரே வகையான பரிந்துபேசலுக்கு உட்பட்டவை என்று கொள்ளலாகாது. முன்னதில் வணிகம் ஒரு தரப்பு; பின்னதில் வணிகமே இரு தரப்பும்.

இரண்டாவது, அமைப்பு வலிமையின் வேறுபாடு சட்டத்தின் வடிவிலேயே பதிந்துள்ளது. 1482ஆம் முன்வடிவு வீட்டு வாடகை உயர்வுக்கு வரம்பு தந்தது. 1103ஆம் முன்வடிவு கடைவாடகை உயர்வுக்கு முன்னறிவிப்பு மட்டுமே தந்தது.

மூன்றாவது, ஒரு சங்கத்தின் நிலைப்பாட்டை ஆராய்வோர் ஒரு முன்வடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் வாதத்தை மட்டுமே காண்பர். பல முன்வடிவுகளை வரிசைப்படுத்தி, எடுத்தாளப்படும் ஒரே தரப்பினர் ஒவ்வொன்றிலும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்று ஒப்பிடும்போதே நலனின் அமைப்பு புலப்படும். கலிஃபோர்னியாவின் சிறு கடைக்காரர் அத்தகைய ஒப்பீட்டுக்குரிய அளவுகோலாகிறார். வரி உயர்வை எதிர்க்கும் மேடையில் அவர் பெயர் முதலில் ஒலித்தது. அவர் செலுத்தும் தொகைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சட்டமாவதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. அப்போது அப்பெயரை எடுத்தாண்ட சங்கம் எதிர்த்தோர் பட்டியலில் இருந்தது.